ரோமாபுரி காட்டும் கண்ணாடி

முழங்காலில் நிற்கும்போது பிடரியில் மூச்சுப் படும் என்று கண்ணாடியை விற்ற றிஷாட் சொல்லவே இல்லை.

அமிர்தநாயகம் அசையாமல் நின்றார். முகத்தில் மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடிக்குள், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், சிவப்பு மெத்தைக் கதிரை ஒன்றில் ஒரு வெள்ளைக்காரி சாய்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். சுற்றிவர மெழுகுதிரிகள். உடம்பில் உடுப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. இருந்த கொஞ்சமும் புறப்படும் ஆயத்தத்தில் இருந்தது. இது படம் அல்ல, இந்த நிமிடம் ஏதோவொரு தேசத்தில் உண்மையாகவே நடக்கிறது என்பதுதான் அமிர்தநாயகத்தை உலுக்கியது. மன்னார்த் தோட்டவெளிக் கிராமத்தில் சொந்த வீட்டுக் கூடத்தில் பாயில் நின்றபடியே கப்பல் ஏறாமல் கடல் கடந்திருந்தார்.

முழங்காலில் நின்றதற்கும் காரணம் உண்டு. கண்ணாடியை முதன்முதலில் மாட்டியபோது உயர அளவைப் பிழையாக வைத்துவிட்டார். நிமிர்ந்து நின்றால் அந்தப் பெண்ணைக் கூரையிலிருந்து பார்ப்பது போல இருந்தது. முழங்காலில் நின்றால்தான் முகத்துக்கு முகம்.

அவள் என்ன பாஷை பேசினாளோ தெரியாது. கண்ணாடி அதைத் தானாகவே தமிழாக்கி, பள்ளிக்கூட வாத்தியாரம்மாவின் குரலில் சொன்னது.

"அன்பரே, ஏன் தயங்குகிறீர்கள்? அருகே வாருங்கள். உங்கள் பாரங்களை என்னிடம் இறக்கி வையுங்கள்."

அமிர்தநாயகம் கொஞ்சம் அருகே போனார். அப்போதுதான் அந்த மூச்சு. சூடாக, ஈரமாக, புல் வாசத்தோடு. 'விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வந்துவிட்டதா!' என்று அவர் புல்லரித்துக்கொண்டிருக்கையில், எதுவோ அவருடைய காதை நக்கியது.

"ஆண்டவரே!"

அந்த அலறலில் குசினிக்குள் அகப்பை விழுந்தது. கையைத் துடைத்தபடி ஓடிவந்த றோஸ்மேரி கூடத்து வாசலில் அப்படியே நின்றாள். அவளுடைய மனிசன் முழங்காலில் நிற்கிறார். இரண்டு கையும் நெஞ்சோடு கோர்த்திருக்கின்றன. கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. அது இமைக்காமல் பார்த்ததில் வந்த கண்ணீர் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"என்னப்பா செய்யிறியள்?"

அமிர்தநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னலுக்குள் தலையை நீட்டி நின்ற மன்னார்க் கழுதை ஒன்று, நக்கிய காதை இன்னொருமுறை பார்த்துவிட்டு, திரைச்சீலையில் ஒரு வாய் கடித்துக்கொண்டு மெல்ல நடந்தது.

மன்னார்க் கடைத்தெருவில் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்கிறவர் அமிர்தநாயகம். புளித்த சரக்கை வெயில் சரக்கு என்று விற்கும்போதும் முகத்தில் ஒரு மயிர் அசையாது. அந்தப் பழக்கம் இப்போது கைகொடுத்தது.

"பூசை," என்றார்.

"என்ன பூசை?"

"ரோமாபுரிப் பூசை. லைவ். இதைப் போட்டால் கோயிலுக்கு உள்ளுக்கையே போய் நிக்கலாம்."

றோஸ்மேரி அவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அதற்குள்ளிருந்து மெல்லிய மணியோசையும், "காணிக்கை வழங்கிய அன்பருக்கு என் இதயம் நிறைந்த நன்றி" என்ற குரலும் கசிந்தன.

அவள் சேலைத் தலைப்பை எடுத்து முக்காடாகப் போட்டுக்கொண்டாள்.

"மணியும் அடிக்குது," என்றாள். "இவ்வளவு காலமும் வேப்பமரத்தடியிலை நிண்டு பூசை கண்ட மனிசன், இப்ப ரோமாபுரியிலை முழங்காலிலை நிக்கிறார். எனக்கு இது காணும்."

அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு அமிர்தநாயகத்துக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அந்தப் பெருமை கெட்ட நேரத்தில் வரவில்லை, நல்ல நேரத்தில் வந்தது. கோயில் திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் சில நாள்தான் இருந்தது. பழைய மூப்பர் மகளோடு ஜேர்மனிக்குப் போய்விட்டார். புது மூப்பரைப் பாதர்தான் அறிவிக்க வேண்டும். கொடியைத் தாம்பாளத்தில் வைத்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஊருக்கு முன்னால் நடப்பவர் மூப்பர். அவருடைய மனைவிக்குக் கோயிலில் முன்வாங்கு. அந்த இடத்துக்கு இரண்டு பேர் கண் வைத்திருந்தார்கள். ஒருவர் ஐஸ் பக்டரி கொலின்ஸ். ஞாயிறு பூசை தவறாதவர், கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தவர். மற்றவர் அமிர்தநாயகம், அந்த ஒலிபெருக்கியைப் பாதி விலைக்கு வாங்கித் தந்திருப்பேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவர்.

கடைத்தெருவில் அவருக்கு மதிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அது அவருடைய பேரத்துக்குக் கிடைத்த மதிப்பு. விற்க முடியாத, வாங்க முடியாத ஒரு மரியாதை வாழ்க்கையில் ஒரு தடவையாவது வேண்டும் என்று அவருக்கு ஆசை. கருவாடு நாறும் இந்தத் தலைக்குமேல் கொடித் தாம்பாளம் ஒருநாள் ஏற வேண்டும்.

கண்ணாடி வந்த வழி வேறு. காற்றாலை வேலைக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குப் போகும்போது அதை றிஷாட்டின் போன் கடையில் தள்ளிவிட்டுப் போயிருந்தான். "கடலுக்கடியில சுறா பாக்கலாம் அண்ணே" என்று றிஷாட் சொல்ல, ஒரு சாக்குச் சீலாக் கருவாட்டுக்கு அமிர்தநாயகம் அதை மாற்றிக்கொண்டார். வெள்ளைக்காரன் அதற்குள் இருந்த தன் இன்டநெற் கணக்கை மூடாமல் போய்விட்டான். சுறாவைத் தேடிப் போனவருக்குச் சிவப்புக் கதிரை கிடைத்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது வாசலில் கலியாணவீடு போலச் செருப்புகள் கிடந்தன.

கூடத்துக்குள் மரியாயின் சேனை என்ற கோயில் சபைப் பெண்கள் முக்காட்டோடு நிரையாக இருந்தார்கள். முன்னுக்குக் கொலின்ஸின் மனைவி யசிந்தா. கண்ணாடி அலுமாரிக்குள், மடுமாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், பூச்சரம் சுற்றிய நிலையில் அந்தக் கறுப்புக் கண்ணாடி வீற்றிருந்தது. முன்னால் ஒரு மெழுகுதிரி. அலுமாரி பூட்டியிருந்தது. திறப்பு றோஸ்மேரியின் இடுப்பில்.

"வாங்கோ அண்ணன்," என்றாள் யசிந்தா. "நாங்களும் ரோமாபுரியை ஒருக்கால் எட்டிப் பாப்பம் எண்டு வந்தம்."

"இப்ப அங்கை பூசை இல்லை."

"ரோமாபுரியிலை பூசை இல்லாத நேரமும் இருக்கோ?"

கேள்வி நியாயமானது. அமிர்தநாயகத்தின் முதுகில் சேட்டு நனைந்தது. ஆனால் வாங்க வந்தவரை விரட்டக் கூடாது, விலையைத்தான் ஏற்ற வேண்டும் என்பது அவர் தொழில்.

"பூசை இருக்கும் பிள்ளை. ஆனால் நினைச்ச உடனை போட ஏலாது. பாதரிட்டைப் பாவத்தை எல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும். ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிக்கவேணும். சும்மா விளையாட்டுச் சாமானே இது?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது றோஸ்மேரி, தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து நின்று, பெருமையாகச் சொன்னாள்:

"ஓம். இவர் எனக்கும் அதைத்தான் சொன்னவர். மனசிலை பாவத்தை வைச்சுக்கொண்டு போட்டால் பூசை தெரியாதாம். அவையவையின்ரை மனசுக்குள்ளை என்ன கிடக்குதோ, அதுதான் கண்ணுக்கு முன்னாலை வருமாம்."

அமிர்தநாயகம் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சரக்கை மற்றவர் புகழும்போது வியாபாரி குறுக்கே பேசுவதில்லை.

"அதுவும் உண்டு," என்றார்.

யசிந்தாவின் கை மெல்ல முக்காட்டை இழுத்துவிட்டது. அன்றைக்கு யாரும் கண்ணாடியைக் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேகமாக எழும்பிப் போனார்கள். தப்பித்தேன் என்று அமிர்தநாயகம் சோற்றுக்கு முன்னால் இருந்தார். இரண்டாவது அகப்பைக் குழம்பும் கேட்டு வாங்கினார்.

தப்பவில்லை என்பது சனிக்கிழமை தெரிந்தது. பாதர் நிறோஜன் மோட்டார் சைக்கிளில் நேராகக் கருவாட்டுக் கடைக்கே வந்து இறங்கினார். இளம் பாதர், சிரித்தால் முழுப் பல்லும் தெரியும். அன்றைக்கு முழுப் பல்லும் தெரிந்தது.

"அமிர்தநாயகம் அண்ணன், நான் இந்தப் பங்குக்கு வந்த நாளிலையிருந்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ளை நுளம்பு அடிச்சுக்கொண்டிருந்தனான். இண்டைக்கு லைன் கிணத்தடி தாண்டி நிக்குது! இலுப்பைக்கடவையிலை இருந்தும் ஆக்கள் பஸ் ஏறி வருகினம். என்னண்டு கேட்டால், உங்கடை கண்ணாடி போட வேணுமாம்."

"எல்லாம் ஆண்டவரின்ரை கிருபை, பாதர்."

"கிருபைதான். ஆனால் கருவியா இருந்தது நீங்கள்." பாதர் குரலைத் தாழ்த்தினார். "கொடியேத்தத்துக்கு முதல் நாள் பின்னேரம் மண்டபத்திலை எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறன். வள்ளத்தை மந்திரிக்கிறம், எஞ்சினை மந்திரிக்கிறம், புது ஓட்டோவையும் மந்திரிக்கிறம். ரோமாபுரியைக் காட்டுற சாமானை மந்திரிக்காமல் விடலாமோ? கண்ணாடியை மந்திரிச்சு, ஒராள் போட்டுப் பாத்துச் சனத்துக்குச் சொல்ல, அந்த இடத்திலையே மூப்பரை அறிவிக்கிறன். மூப்பர் ஆரெண்டு உங்களுக்கு விளங்கும்."

விளங்கியது. அமிர்தநாயகத்தின் நெஞ்சு ஒரு பக்கம் கொடிமரம் போல நிமிர்ந்தது. மறுபக்கம் சிவப்புக் கதிரையை நினைத்துச் சரிந்தது. மூப்பர் ஆகும் அதே மண்டபத்தில், அதே நிமிடத்தில், ஊர் முழுக்க அவர் என்ன பார்த்தார் என்பதும் தெரிந்துவிடும்.

பாதரின் மோட்டார் சைக்கிள் சந்தி திரும்ப முன்னமே அவர் றிஷாட்டின் கடையில் நின்றார்.

"தம்பி, அந்தக் கண்ணாடிக்குள்ளை இருக்கிறதை எல்லாம் ஒட்ட அழிக்கவேணும்."

"வெள்ளைக்காரன்ட பாஸ்வேட் வேணும் அண்ணே. அவன் எந்த நாட்டுல நிக்கிறானோ?"

"அப்ப சாமானைத் திருப்பி எடு."

கடையில் வேறு ஆட்கள் நின்றார்கள். அதனால் அமிர்தநாயகம் தோளிலிருந்த துவாயை உதறி, றிஷாட்டின் கைமேல் போட்டு, அதற்குள் அவனுடைய விரல்களைப் பிடித்தார். மாட்டுத் தரகர்களும் கருவாட்டுக்காரர்களும் அப்படித்தான் விலை பேசுவார்கள். விரல் பேசும், வாய் பேசாது, பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. பாதி விலைக்குத் தருகிறேன் என்று அவருடைய விரல் சொன்னது. றிஷாட் பதில் விரல் கொடுக்கவில்லை. துவாய்க்குள் கையை வைத்தபடியே அவர் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, உங்கட கை வேர்க்குது."

"வெக்கை."

"வெக்கையிலயும் உங்கட கை வேர்த்து நான் கண்டதில்ல. என்ட வாப்பாவும் கண்டதில்ல எண்டுவாரு. ஊரெல்லாம் மவுசு ஏறிப்போன சாமான நீங்க பாதிக்குத் தாறீங்க எண்டா, அதுக்குள்ள ஏதோ இருக்கு. எனக்கு வேணா."

"சரி, காசே வேண்டாம். சும்மா எடு."

"இப்ப இன்னும் பயமா இருக்கு!" றிஷாட் கையை இழுத்துக்கொண்டான். "எடுத்து வச்சா நாளைக்கு உங்கட ஆக்கள் ஊர்வலமா வந்து என்ட போன் கடையில முழங்கால்ல நிப்பாங்க. போயிட்டு வாங்க அண்ணே."

வாழ்க்கையில் முதல்தடவையாக இலவசமாகக் கொடுத்தும் ஒரு சரக்கு விலைப்படவில்லை.

இனி மிஞ்சியது திறப்பு ஒன்றுதான். கண்ணாடி கையில் கிடைத்தால் போதும். கை தவறி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுத்திவிடலாம். பின்னேரம் றோஸ்மேரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"றோஸ், அந்தத் திறப்பை ஒருக்காத் தாரும். கண்ணாடியைத் துடைச்சு வைப்பம்."

"மாதாவுக்குப் பக்கத்திலை இருக்கிற சாமானிலை என்ன ஊத்தை?"

"கொடியேத்தத்துக்கு உமக்கு ஒரு பட்டுச்சேலை எடுக்கவேணும் எண்டு நினைச்சனான்."

"இருக்கிற சேலை காணும்."

"குசினிக்குப் பெரிய பிறிட்ஜ் ஒண்டு?"

"சின்னதே பாதி வெறுமையாக் கிடக்குது."

"வேளாங்கண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டோ?"

"ரோமாபுரியே வீட்டுக்குள்ளை இருக்கேக்கை வேளாங்கண்ணி என்னத்துக்கப்பா?"

விலை சொல்லாத ஆளோடு எப்படிப் பேரம் பேசுவது? அமிர்தநாயகம் எழும்பிப்போய் அலுமாரியின் கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். உள்ளே அந்தச் சாமானின் முகமெத்தையில் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது, முகப்பவுடர் போல. பூச்சரத்திலிருந்து ஏதோ கொட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"சார்ஜ் இருக்குதோ தெரியாது," என்றார், கடைசி நம்பிக்கையாக. "மண்டபத்திலை போட்ட உடனை நிண்டுபோனால்…"

"ஒவ்வொரு நாளும் சார்ஜிலை போடுறன்," என்றாள் றோஸ்மேரி. "மந்திரிக்கிற நேரம் நிண்டுபோனால் எங்களுக்கெல்லே மரியாதைக் குறைவு?"

கொடியேற்றத்துக்கு முதல் நாள் பின்னேரம் வந்தது. மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. நடுவில் மேசை, அதில் வெள்ளைத் துணி, துணியின்மேல் கண்ணாடி. பாதர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஒரு துளியாவது உள்ளே போய் எதையாவது பழுதாக்காதா என்று அமிர்தநாயகம் மனதுக்குள் மன்றாடினார். பாதர் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டார்.

"இன்டநெற் வேணுமெல்லோ பாதர், இஞ்சை இழுக்காது," என்றார் அமிர்தநாயகம்.

"நான் இருக்கிற அறைவீட்டு வைஃபை இஞ்சை மட்டும் வரும்!" பாதர் முழுப் பல்லும் தெரியச் சிரித்தார். "பாஸ்வேட் இந்தாங்கோ."

கடதாசித் துண்டை றோஸ்மேரி வாங்கினாள். கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, வெறுங்காற்றில் விரலால் குத்திக் குத்தி, வெங்காயம் உரிக்கும் வேகத்தில் அதை முடித்து மேசையில் வைத்தாள். எங்கே பழகினாள் என்று யோசிக்க அமிர்தநாயகத்திடம் மூளை மிஞ்சியிருக்கவில்லை.

கொலின்ஸ் முன்னுக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, வெள்ளைச் சப்பாத்து. மூப்பராகவே உடுத்திக்கொண்டு வந்திருந்தார்.

"பாதர், குறை நினைக்காதையுங்கோ. ஊர் நம்பிற விஷயம். வெளியாள் ஒருத்தர் போட்டுப் பாத்துச் சாட்சி சொல்லுறதுதான் முறை. நான் போடுறன்."

"இல்லைக் கொலின்ஸ், உரித்தாளிட்டை முதல் குடுப்பம்," என்று பாதர் கண்ணாடியை எடுத்து அமிர்தநாயகத்தின் கையில் வைத்தார்.

அமிர்தநாயகத்தின் முழங்கால் மடிந்தது. பயத்தில்தான். ஆனால் அவர் முழங்காலில் விழுந்ததைக் கண்ட சனம், ரோமாபுரிக்கு மரியாதை என்று தாங்களும் சரசரவென்று முழங்காலிட்டது.

"பாதர்," என்றது பக்கத்தில் ஒரு குரல். "முதல் நான் போடட்டோ? பெண்ணுகள் சார்பிலை."

றோஸ்மேரி அவருடைய கையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். அப்போது அவளுடைய விரல்கள் அவர் கையில் பட்டன. துவாய்க்குள் ஆயிரம் கைகளைப் பிடித்துப் பார்த்தவர் அமிர்தநாயகம். அவள் கையில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. சீலாக் கருவாடு போலக் காய்ந்திருந்தது.

'பாவம்,' என்று நினைத்தார். 'என்ன வரப்போகுது எண்டு தெரியாத கை.'

அவள் கண்ணாடியை மாட்டி முக்காட்டைச் சரிசெய்தாள்.

"ஆ…" என்றாள். "சுத்திவர மெழுகுதிரி எரியுது."

அமிர்தநாயகம் கண்ணை மூடினார்.

"நடுவிலை சிவப்பு ஆசனம். மெத்தை போட்ட ஆசனம். பாப்பரசருக்குக்கூட அப்பிடி இருக்குமோ தெரியாது. உலகத்தின்ரை எல்லாத் திக்கிலையும் இருந்து சனம் வந்து நிக்குது. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. எல்லாரின்ரை கண்ணும் ஒரே இடத்திலைதான்."

"பக்தி!" என்றார் பாதர்.

"காணிக்கை விழ விழ மணி அடிக்குது. விழுந்துகொண்டே இருக்குது, பாதர். எங்கடை கோயிலிலை இப்பிடி ஒருநாளும் விழுந்ததில்லை."

பாதர் பெருமூச்சு விட்டார்.

"ஆசனத்திலை ஒரு பிள்ளை. வானத்திலை இருந்து இறங்கின சம்மனசு மாதிரி. நகை இல்லை, நட்டு இல்லை. உலக ஆடம்பரம் எண்டு சொல்லுறதுக்கு உடம்பிலை ஒண்டுமே இல்லை!"

"துறவு," என்று பாதர் தழுதழுத்தார். பின்னால் யாரோ விசும்பினார்கள்.

கண்ணாடிக்குள்ளிருந்து, "வாருங்கள் அன்பரே, உங்களுக்காகவே காத்திருந்தேன்" என்ற குரல் கசிந்தது. கிழவிகள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அமிர்தநாயகம் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். அவள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. மெழுகுதிரி உண்மை, மணி உண்மை, ஆசனம் உண்மை. பார்த்ததை அப்படியே சொல்கிறாள்! உலகம் தெரியாத அவருடைய றோஸ்மேரி அந்த வெள்ளைக்காரியை உண்மையாகவே சம்மனசு என்று நம்பிவிட்டாள். இப்படியொரு கள்ளமில்லாத மனதைத் தனக்குக் கொடுத்த தெய்வத்தை நினைத்து அவருக்கு மெய்யாகவே கண் கலங்கியது.

றோஸ்மேரி கண்ணாடியைக் கழற்றினாள். கொலின்ஸ் கையை நீட்டினார்.

"நானும் பாக்கவேணும்."

"தாராளமாப் பாருங்கோ அண்ணன்," என்றாள் அவள், ஊருக்கே கேட்கும் குரலில். "ஆனால் விஷயம் தெரியுந்தானே? மனசு சுத்தம் எண்டால் பூசை தெரியும். இல்லையெண்டால் உங்கடை மனசிலை கிடக்கிறதுதான் தெரியும். என்ன கண்டனீங்கள் எண்டு ஒளிக்காமல் எங்களுக்கும் சொல்லவேணும்."

"அதுக்கென்ன?" என்று கொலின்ஸ் மாட்டினார்.

முதலில் அவருடைய வாய் திறந்தது. பிறகு மூடவில்லை. காது சிவந்தது. கழுத்து சிவந்தது. கழற்றுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் கழற்றவில்லை. இரண்டு பக்கமும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா தெரியுது?" யசிந்தா கேட்டாள்.

கொலின்ஸ் ஓரடி முன்னுக்குப் போனார்.

"இஞ்சாருங்கோ! என்ன தெரியுது எண்டு கேக்கிறன்!"

கடைசியில் அவள்தான் இழுத்துக் கழற்ற வேண்டியிருந்தது. கொலின்ஸ் வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டினார். முழு ஊரும் முழங்காலில் நின்று அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி முன்னால் நின்றாள்.

"பூசை," என்றார் தொண்டையைச் செருமி. "பூசைதான். நல்ல… வடிவான பூசை."

"நீங்களும் ஒருக்கால், பாதர்," என்றாள் றோஸ்மேரி.

பாதரின் கை ஆசையோடு மேசைவரை வந்தது. பிறகு எதையோ யோசித்து, மெல்லத் திரும்பி அங்கியின் பைக்குள் போய்விட்டது.

"நான் முதலிலை அடம்பன் பங்குப் பாதரிட்டைப் போய்ப் பாவசங்கீர்த்தனம் ஒண்டு செய்துபோட்டு வந்து பாக்கிறன்," என்றார். "அதுதான் முறை."

அந்த இடத்திலேயே மூப்பரை அறிவித்தார். கை தட்டிய சனத்துக்குள்ளால் கொலின்ஸ் வந்து அமிர்தநாயகத்தைக் கட்டிப்பிடித்து, காதுக்குள் கேட்டார்:

"அண்ணன், நாளைக்கு எத்தினை மணிக்குப் பூசை?"

வீட்டுக்குத் திரும்பும்போது அமிர்தநாயகம் மெதுவாக ஆழம் பார்த்தார்.

"றோஸ், உண்மையிலை என்ன கண்டனீர்?"

"நீங்கள் கண்டதைத்தான்," என்றாள் அவள். முகம் ஒரு சுளிப்பில்லாமல் இருந்தது.

மறுநாள் காலை கடற்காற்று சீறிக்கொண்டு வந்தது. கொடித் தாம்பாளத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அமிர்தநாயகம் நடந்தபோது, மேளம் முன்னே போனது, ஊர் பின்னே வந்தது. வழியில் நின்ற கழுதைகூட ஒதுங்கி இடம் விட்டது. காதை நக்கியது அதுவாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது, மன்னித்துவிட்டார். றிஷாட் கடை வாசலில் எழும்பி நின்று நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான். கொடி மரத்தில் ஏறி விரிந்தபோது அமிர்தநாயகம் அண்ணாந்து பார்த்தார். அதை அவர் விலை பேசி வாங்கவில்லை. யாரும் விலை கேட்கவும் இல்லை. கோயிலுக்குள், முன்வாங்கில், யசிந்தா ஆசைப்பட்ட இடத்தில் றோஸ்மேரி இருந்தாள். பழைய சேலைதான். ஆனால் மகாராணி போல இருந்தாள்.

பூசை முடிந்து பெண்கள் அவளைச் சூழ்ந்து நின்று கதைத்துக்கொண்டிருக்க, மூப்பர் மட்டும் வேட்டி மாற்ற முதலில் வீட்டுக்கு வந்தார்.

அலுமாரியின் பூட்டில் திறப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மூப்பர் ஆகிவிட்டவருக்கு அது அழகா? ஒரு சந்தேகம் மட்டும்தான். மந்திரித்த சாமான், தீர்த்தம் பட்ட சாமான், ஊரே முழங்காலிட்ட சாமான். ஒருவேளை இப்போது உள்ளே உண்மையாகவே ரோமாபுரி வந்திருந்தால்? மூப்பர் என்ற முறையில் அதைச் சரிபார்ப்பது தன் கடமை என்று தீர்மானித்தார். ஜன்னலைச் சாத்தினார். பாயை விரித்து முழங்காலில் நின்றார். மாட்டினார். முகமெத்தையில் றோஸ்மேரியின் பவுடர் மணந்தது.

ரோமாபுரி வரவில்லை. அதே சிவப்புக் கதிரை. ஆனால் அன்றைக்கு மெழுகுதிரிகள் எரியவில்லை. அந்தப் பெண் கழுத்துவரை மூடிய தடித்த கம்பளிச் சட்டையோடு, காலுறையோடு, காலை மடித்துப் போட்டுக்கொண்டு, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி போல இருந்தாள். யாரோ உள்ளே வந்ததன் அடையாளமாக மணி அடித்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வந்துவிட்டீர்களா, றோஸ்மேரி சகோதரியே?" என்றது வாத்தியாரம்மாவின் குரல். "விரைந்து சொல்லுங்கள்! நாம் இருவரும் வகுத்த திட்டத்தின்படியே உங்கள் கணவர் மூப்பர் ஆகிவிட்டாரா?"